எந்தக் கதவைத் தட்டப் போகிறீர்கள்?

தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். மகனுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். சான்றிதழில் 90 சதவீதம். கணவருக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வந்து போகிறார். இவர் வீட்டிலேயே புளியில் கொட்டை எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். மகனுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது.

மகனை வாரம் இரண்டு நாள் ஒன்றியத்தில் உள்ள பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவாராம். அங்கே பிசியோதெரபி உண்டு, சிறப்பாசிரியர் உண்டு, போய்வரக் கொஞ்சம் பயணப்படியும் உண்டு. இப்போது பிசியோதெரபிஸ்ட் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறார். பயணப்படி நின்றுவிட்டது. கேட்டால் "மேலிருந்து பணம் வரலைம்மா" என்கிறார்கள். "பையனுக்கு முட்டி மடங்கினா நீட்டவே முடியல மேடம், ராத்திரியெல்லாம் அழறான்" என்று எழுதியிருக்கிறார்.

மையத்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் 22 பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேரணியாகப் போகலாம் என்று முடிவு. உள்ளூர் கட்சிக்காரர் ஒருவர் வேனும் கொடியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கணவர், "போராட்டம்னு போனா கேஸ் போடுவாங்க, வர்ற 2,000 ரூபாயும் நின்னுடும்" என்கிறார். இன்னொருவர், "பையனுக்கு 14 முடிஞ்சா மையத்துல இருந்தே அனுப்பிடுவாங்க, எதுக்கு இவ்வளவு பாடு?" என்றாராம். பேரணிக்குப் பதில் கோர்ட்டில் கேஸ் போட்டால் பட்ஜெட்டை மாற்றச் சொல்வார்களா என்பதும் அவருடைய கேள்வி. கடைசியில், "ஊருக்கு ரோடு, தண்ணி எல்லாத்துக்கும் காசு வேணும். எங்க பிள்ளைங்களுக்கே கேட்டா நியாயமா இருக்குமா மேடம்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சந்தேகத்தோடு பேரணிக்குப் போனால் குரல் எழும்பாது. நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு எத்தனை பேரின் பல்லைக் கறையாக்கி, எலும்பை வளைத்து, நடுத்தர வயதிலேயே கூன் போட வைத்தது என்று உங்களுக்குத் தெரியும். தலையெழுத்து என்று அதை யாரும் விட்டுவிடவில்லை. 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் நிறுவனத்திடம் கடன் வாங்கி, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. உடலைக் காப்பாற்றுவது அரசின் வேலை என்று தண்ணீர் விஷயத்தில் ஒப்புக்கொண்டோம் என்றால், உங்கள் மகனின் முழங்கால் விஷயத்திலும் அதேதான். ரோடு இந்த வருடம் போடாவிட்டால் அடுத்த வருடம் போடலாம். பயிற்சி நின்றால் தசை இறுகும், மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். வளர்கிற வயதில் எலும்பு நீள நீள அந்த இறுக்கம் கூடும். ஊழியருக்குச் சம்பளம் பாக்கி வைத்தால் பிறகு சேர்த்துக் கொடுத்துவிடலாம். இழந்த ஆறு மாதப் பயிற்சியை யாரும் பாக்கித் தொகையாகத் தர முடியாது.

அதனால் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். ஆனால் யாரிடம் கேட்பது என்பதில்தான் உங்கள் குழு அவசரப்படுவதாக எனக்குப் படுகிறது.

உதவித்தொகை நிற்காது, 14 வயதும் கடைசி இல்லை

உங்கள் மகனுக்கு வரும் 2,000 ரூபாய் அவனுடைய தகுதியை வைத்துக் கொடுக்கப்படுவது. தாய் ஊர்வலத்தில் நடந்தாரா, மனுவில் கையெழுத்துப் போட்டாரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படி நிறுத்த எந்த விதியும் கிடையாது. காரணம் சொல்லாமல், உங்கள் பக்கம் கேட்காமல் நிறுத்தினால் அந்த உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது. யாராவது வாய்மொழியாக மிரட்டினால் பெயர், தேதி, சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுகிறவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு நிச்சயமாக வருகிற ஒரே தொகை அதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

14 வயதோடு முடிந்துவிடும் என்று சொன்னவர் பொதுவான கல்வி உரிமைச் சட்டத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அதில் 6 முதல் 14 வயது வரைதான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ அதைப் பெறலாம். உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் முழுதாக இருக்கின்றன.

"மேலிருந்து வரவில்லை" என்றால் எந்த மேல்?

நான் அதிக நேரம் செலவிட விரும்புவது இதில்தான். பணம் வரவில்லை என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கலாம். பட்ஜெட்டிலேயே தொகையைக் குறைத்திருக்கலாம். ஒதுக்கிய தொகையை விடுவிக்காமல் வைத்திருக்கலாம். பணம் இருந்தும் பணியிடத்தை நிரப்பாமல் விட்டிருக்கலாம். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு வேறு ஆள். ஆட்சியரால் தீர்க்க முடியாத ஒன்றை அவர் வாசலில் நின்று கேட்டால், மனுவை வாங்கிக்கொண்டு "மேலே அனுப்புகிறேன்" என்பார். வெயிலில் நின்றதற்கு அது ஒரு பலனா?

நீங்கள் சொல்கிற விவரங்களைப் பார்த்தால், மையம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் நடப்பதாகத் தெரிகிறது. அதற்கு ஒன்றிய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தர வேண்டும். 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ-க்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததுதான் காரணம். மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதை உங்கள் மனுவில் எழுத வேண்டாம். இரண்டு அரசுகளும் வழக்காடும்போது பிள்ளையின் பயிற்சி ஏன் நிற்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

பட்ஜெட்டிலேயே குறைப்பதும் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஒன்றிய அரசு வைத்திருக்கும் திட்டத்துக்கு 2022-23-ல் 240 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்; அடுத்த ஆண்டு 150 கோடி. சாய்தளம், மின்தூக்கி, எல்லோரும் நுழையக்கூடிய கட்டடம் போன்ற வேலைகளுக்கெல்லாம் நாடு முழுவதற்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2012-ல் 300 ரூபாயாக உயர்ந்தது. அதற்குப் பிறகு அரிசி விலையும் பஸ் டிக்கெட்டும் எங்கோ போய்விட்டன, அந்த 300 மட்டும் நகரவில்லை. குறைப்பு என்ற பெயர் இல்லாமலே நடக்கிற குறைப்பு இது. பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் குப்பம். அங்கே 2024 முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 6,000 ரூபாய். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெற்றோர் அந்தத் தொகையைச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் அது தனிக் கோரிக்கை, மாநில அரசிடம் கேட்க வேண்டியது. மையத்தின் பிரச்சினையோடு ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

எந்தப் பணம் எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. கேள்விகளை இப்படி வையுங்கள்: உங்கள் ஒன்றியத்தில் பிசியோதெரபி, பயணப்படி, வீட்டுவழிக் கல்வி ஆகியவற்றுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை? "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள், எண்ணையும் ஆவணத்தையும் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

இதோடு ஒரு சாதாரண நோட்டும் போடுங்கள். ஒதுக்கிய பணம் செலவாகவில்லை என்று காட்டியே அடுத்த ஆண்டு குறைப்பது அரசுத் துறைகளில் வழக்கம். பிள்ளைகள் வந்தார்கள், சிகிச்சை தர ஆள்தான் வரவில்லை என்பதைக் காட்டும் சாட்சி உங்களிடம் இருக்க வேண்டும். 22 குடும்பங்கள் தேதி வாரியாக எழுதிய நோட்டை எந்த அதிகாரியும் புறந்தள்ள முடியாது.

வழக்கா, பேரணியா?

ஒன்றைச் செய்தால் மற்றொன்றை விட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. பட்ஜெட்டில் இதற்கு இவ்வளவு போடு என்று நீதிமன்றம் பொதுவாகச் சொல்லாது. அது சட்டமன்றத்தின் வேலை என்று விலகிக்கொள்ளும். 2016 சட்டத்தின் 24-வது பிரிவிலும், சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை அரசு தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு வகுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஓய்வூதியத்தை உயர்த்தக் கேட்டு வழக்குப் போட்டால் அரசுத் தரப்பு அந்த வரியைத்தான் காட்டும். ஆனால் 31-வது பிரிவில் அந்த வரம்பு இல்லை. சட்டம் கடமையாக வைத்ததைப் பணமில்லை என்று தட்டிக் கழிக்க முடியாது என்று ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-ல் அதே நீதிமன்றம் விகிதம் வகுத்துக் கொடுத்தது. ஆக, ஓய்வூதிய உயர்வுக்குப் பேரணியும், மகனின் கல்விக்கும் பயிற்சிக்கும் சட்டமும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வழக்கு என்றதும் உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். அதற்கு முன் மூன்று படி இருக்கிறது. 2016 சட்டத்தின் 23-வது பிரிவுப்படி ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிந்த இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். அங்கே சரியாகாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். அடுத்தது சென்னையில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினால் போதும், வக்கீல் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு விடுவித்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதே 80-வது பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் ஒன்று. ஆவணங்களை வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அந்தத் துறை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கும் மேலே போக வேண்டி வந்தால், நம் மாவட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான், மதுரை இல்லை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள்.

சட்டமே எல்லாம் செய்துவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்தச் சட்டத்துக்கு முன்னோடியான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் யாரும் தட்டில் வைத்துத் தந்ததில்லை. அந்த டிசம்பரில் சக்கர நாற்காலிகளோடும் ஊன்றுகோல்களோடும் டெல்லித் தெருவில் இறங்கியவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

பேரணி அன்று

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு பேர் என்பதைக் காவல்துறை ஒழுங்குபடுத்தலாம். நம் பக்க மாவட்டங்களில் காவல் சட்டம் 30(2) அடிக்கடி அமலில் இருக்கும், அதனால் அனுமதி கேட்டே ஆக வேண்டும். குறைந்தது ஒரு வாரம் முன்பே, தேதி, நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அந்த மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

அனுமதி இல்லாமல் கூடினால் பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கும்: எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விடுவார்கள். சில சமயம் வழக்கும் பதிவாகும். அமைதியாகப் போராடியவர்கள் மீது இயந்திரத்தனமாகப் போட்ட இப்படிப்பட்ட வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் ரத்து செய்தது. ஆனாலும் ரத்தாகும் வரை அலைய வேண்டியது நீங்கள்தான், அதனால் சாலை மறியல் வேண்டாம். இதில் நான் கறாராகவே சொல்கிறேன். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது. மிக அசாதாரணமான சூழ்நிலை என்றால், பெண் காவல் அதிகாரி ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால், உடல் நலிந்தவர்களையும் 60 வயது தாண்டியவர்களையும் டி.எஸ்.பி. அளவிலான அதிகாரியின் முன் அனுமதியின்றிக் கைது செய்ய முடியாது.

கட்சிக்காரர் தரும் வேனைப் பற்றி என் கருத்து: கொடி வேண்டாம். அவர் நல்ல மனதோடு கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒரு கொடி வந்தால் உங்கள் கோரிக்கை அந்தக் கட்சியின் கோரிக்கை ஆகிவிடும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் காதை மூடிக்கொள்வார். எல்லாக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனுவின் நகலைக் கொடுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இல்லை. வேன் இல்லாமலும் வந்து சேரலாம்.

அப்புறம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. பிள்ளைகளைப் பார்த்தால் அதிகாரிகள் மனம் இளகும் என்று நினைக்கிறீர்கள், அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் உங்கள் மகனை அழைத்துப் போவதற்கு முன் அவனைக் கேட்டீர்களா? தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கு உரிமை உண்டு என்று 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. பேச்சு வராவிட்டாலும் அவன் கண்ணாலும் தலையசைப்பாலும் வேண்டும், வேண்டாம் சொல்வான் என்று உங்களுக்குத் தெரியாதா? வருகிறேன் என்றால் வரட்டும், அவனும் தன் கோரிக்கைக்குச் சொந்தக்காரன். வேண்டாம் என்றால் அத்தையிடமோ பாட்டியிடமோ இருக்கட்டும். வருகிற பிள்ளைகளை நடக்கவிடாமல் ஒரே இடத்தில் பந்தல் போட்டு உட்காருங்கள். காலை 10 முதல் 12 வரை போதும். தண்ணீர், வலிப்பு மாத்திரை, மாற்றுத் துணி, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எல்லாவற்றையும் முந்தின நாளே ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும்.

உங்கள் குழுவில் அரசு ஊழியர் யாராவது இருந்தால், வேலைநிறுத்தம் வேறு, விடுப்பு எடுத்துக்கொண்டு அமைதியாகக் கலந்துகொள்வது வேறு என்று அவரிடம் சொல்லுங்கள். முன்னதற்கு உரிமை இல்லை என்று 2003-ல் தமிழக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னதை மொத்தமாகத் தடுக்கும் விதி செல்லாது என்று 1962-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பொறுப்பாளராக அவர் பெயரைப் போட வேண்டாம்.

அதுவரைக்கும்

பேரணிக்குத் தேதி குறிக்கும் வரை உங்கள் மகனின் கால் காத்திருக்காது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். உங்கள் கிராமத்துச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகன் பெயரைப் பதியச் சொல்லுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப் போய், முட்டி எந்த அளவுக்கு நீள்கிறது என்று அளந்து எழுதி வாங்குங்கள். வீட்டில் தினமும் எப்படி நீட்டிவிடுவது என்றும் அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். அந்த அளவுக் குறிப்பு மகனுக்கு மருத்துவம், உங்கள் மனுவுக்கு ஆதாரம்.

வருகிற திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் முதல் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். அன்றே தகவல் உரிமை மனுவையும் போடுங்கள். 30 நாளில் பதில் வரும், அதைப் பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம். மனுவின் வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: இன்றைய தேதி, மையத்துக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர், பிசியோதெரபிஸ்ட் வந்தாரா இல்லையா.